மீதியில் ஒரு பங்கு

திருமானூர்ப் பக்கம் ஒரு களத்தில் சம்பா அறுவடை முடிந்து 60 மூட்டை நெல் அடுக்கியிருக்கிறது. கடன் கொடுத்தவர் வந்து நாலில் ஒரு பங்கை ஏற்றிக்கொண்டு போகிறார். மீதியில் மூன்றில் ஒரு பங்கு விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கப்படுகிறது. மிச்சமெல்லாம் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. அங்கே எத்தனை மூட்டை போய்ச் சேரும்?

எட்டாம் வகுப்பில் இதைக் கொடுத்தால் 30 என்றும் 25 என்றும் இரண்டு விடைகள் வரும். 25 எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். 60-இல் கால் பங்கு 15, சரி. 60-இல் மூன்றில் ஒன்று 20, அதுவும் சரி. 15-ஐயும் 20-ஐயும் கழித்தால் 25. வகுத்தலிலும் கழித்தலிலும் பிழையே கிடையாது. கணக்கில் இருந்த ‘மீதியில்’ என்ற சொல்லை அந்தப் பிள்ளை தாண்டிக் குதித்துவிட்டது, அவ்வளவுதான். தாண்டியதற்கு விலை ஐந்து மூட்டை. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பக் கணக்கில் பார்த்தால் 200 கிலோ நெல்.

இந்த வகைக் கணக்குகளுக்குச் சூத்திரம் தேடி அலைபவர்கள் அதிகம். சூத்திரம் பிறகு தானாக வரும். முதலில் பழக வேண்டியது ஒரு கேள்வி. கணக்கில் எந்தப் பின்னம் வந்தாலும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ‘எதில்?’ என்று கேளுங்கள். நாலில் ஒன்று, எதில்? மொத்த நெல்லில். மூன்றில் ஒன்று, எதில்? கடன்காரர் போன பிறகு களத்தில் நிற்கும் நெல்லில். அந்தப் பதிலைப் பின்னத்தின் தலைக்கு மேலேயே சின்னதாக எழுதிவிட வேண்டும். பிள்ளைகள் சோம்பல்படுவார்கள், விடாதீர்கள். பாதிக்கு மேற்பட்ட தவறுகள் இந்த இடத்திலேயே நின்றுவிடும்.

போனதை விடுங்கள், நிற்பதைப் பாருங்கள்

கேள்வித்தாள் எப்போதும் போனதைப் பற்றியே பேசும்: இவ்வளவு செலவழித்தார், இவ்வளவு விற்றார், இத்தனை பேர் இறங்கினர். நம் கண் நிற்பதன் மேல் இருக்க வேண்டும். நாலில் ஒன்று போனால் நிற்பது 3/4. அந்த மீதியில் மூன்றில் ஒன்று போனால் நிற்பது அந்த மீதியின் 2/3. அடுத்தடுத்து நிற்பதைப் பெருக்கினால் போதும்: 3/4 × 2/3 = 1/2. 60-இல் பாதி 30. இரண்டே வரி.

ஏன் பெருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் மகிழ்ச்சியோடு வயலை வரைந்து காட்டுங்கள். ஒரு வேலி நிலம் என்பது 20 மா. ஒரு மா 100 குழி. கொள்ளிடக் கரை ஊர்களில் பெரியவர்கள் இன்றைக்கும் மாக்கணக்கில்தான் நிலத்தைச் சொல்வார்கள்; மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒரு நீள்சதுரம் போட்டு, நெடுக்கில் ஐந்து பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையும் நாலு மா. வேலியில் ஐந்தில் இரண்டு பங்கு கரும்பு என்றால் இரண்டு பட்டைகளைக் கோடிட்டு அடித்துவிடுங்கள், எட்டு மா. அடிக்காமல் நிற்கும் மூன்று பட்டைகள் மட்டும்தான் இப்போது நம் நிலம். மீதியில் நாலில் ஒரு பங்கு பருத்தி. நிற்கும் மூன்று பட்டைகளுக்கு மட்டும் குறுக்கே கோடு இழுத்து நாலாகப் பிரித்து, ஒரு வரிசையை அடியுங்கள், மூன்று மா. எஞ்சிய ஒன்பது மாவில் நெல். குறுக்குக் கோடு கரும்புப் பட்டைக்குள் போகவே கூடாது என்பதுதான் இந்தப் படத்தின் முழுப் பாடமும். கோடு அங்கே நுழைந்தால், சாத்தமங்கலம் சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டிய கரும்பில் பருத்திக்காரர் பங்கு கேட்கிறார் என்று அர்த்தம்.

படம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு 3/5 × 3/4 = 9/20 என்பது சூத்திரமாகத் தெரியாது, கண்ணால் பார்த்த கட்டங்களாகத் தெரியும். 20 கட்டத்தில் 9 கட்டம்.

பின்னோக்கி நடப்பது

தேர்வில் மொத்தத்தைக் கொடுத்து மீதியைக் கேட்பது குறைவு. மீதியைக் கொடுத்து மொத்தத்தைக் கேட்பதே வழக்கம். அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது. கீழப்பழுவூரில் மூன்றில் ஒரு பங்குப் பயணிகள் இறங்குகிறார்கள். மீதியில் பாதிப்பேர் திருமானூரில் இறங்குகிறார்கள். பேருந்து கொள்ளிடப் பாலத்தைத் தாண்டித் திருவையாறு போனதும், இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். தஞ்சாவூர் வரை போனவர்கள் ஐந்து பேர். வழியில் யாரும் ஏறவில்லை. (நம்ப முடியாததுதான். கணக்குப் புத்தகத்துப் பேருந்துகள் அப்படித்தான் ஓடும்.) அரியலூரில் ஏறியவர்கள் எத்தனை பேர்?

நிற்பதைப் பெருக்குங்கள்: 2/3 × 1/2 × 1/4 = 1/12. மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஐந்து பேர் என்றால் மொத்தம் 60. சரிபார்க்க அரியலூரிலிருந்து மறுபடியும் வாருங்கள்: 60, 40, 20, 5. சரிபார்ப்பது அரை நிமிட வேலை. அதை மிச்சம் பிடிப்பது கெட்ட சிக்கனம்.

ஆட்கள், மாடுகள், தேங்காய்கள் மாதிரி முழுதாகவே எண்ண வேண்டியவை வரும் கணக்குகளில் இன்னொரு காவலும் உண்டு. நான்கு விடைகள் 45, 50, 60, 75 என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 50-ஐ மூன்றால் வகுக்க முடியாது, போயிற்று. 45 பேர் ஏறினால் 30, 15 என்று வந்து, திருவையாற்றில் பதினைந்து பேரில் முக்கால்வாசி இறங்க வேண்டும்; ஆளை அறுத்தால்தான் முடியும். 75-க்கும் 25-இல் வந்து அதே கதி. விடையே கணக்கிடாமல் 60 நிற்கிறது. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வான என்.எம்.எம்.எஸ்.-இல் மனத்திறன் பகுதிக்கு 90 நிமிடத்தில் 90 கேள்விகள். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் இந்தக் காவல் மிகவும் உதவும். நெல், பால், ரூபாய் போன்றவற்றுக்கு இது செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அவற்றில் அரையும் காலும் தாராளமாக வரலாம்.

‘அறுபது என்று வைத்துக்கொள்’

பின்னத்தைப் பெருக்கச் சொன்னாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பழைய கணக்கர்களின் வழி ஒன்று இருக்கிறது. தெரியாத மொத்தத்துக்கு வசதியான ஓர் எண்ணை நாமே வைத்துக்கொள்வது. பேருந்துக் கணக்கில் 12 பேர் ஏறினார்கள் என்று வைப்போம். கீழப்பழுவூரில் 4 பேர் இறங்க 8. திருமானூரில் 4 பேர் இறங்க 4. திருவையாற்றில் 3 பேர் இறங்க 1. நம் கற்பனையில் தஞ்சாவூர் போனவர் ஒருவர். உண்மையில் ஐந்து பேர். எனவே கற்பனையை ஐந்து மடங்காக்கு: 60. பின்னம் ஒன்றுகூடப் பெருக்கவில்லை.

வசதியான எண் எது? பகுதிகளைப் பார்த்து, அவை எல்லாவற்றாலும் வகுபடும் ஒன்றை எடுக்க வேண்டும். 3, 4, 5 என்று வந்தால் 60. ஓரிடத்தில் சிக்கினால் இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம், குடி முழுகாது.

நம் ஊர் அளவைகளே இப்படி வசதி பார்த்து அமைந்தவைதான். ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. ஆக ஒரு கலம் 96 நாழி. 2, 3, 4, 6, 8, 12, 16 எல்லாவற்றாலும் 96 மீதியில்லாமல் பிரியும். பின்னங்களுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. ஒன்றை 320 முந்திரியாகப் பார்த்தால் கால் என்பது 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. பின்னங்கள் முழு எண்களாகிவிடும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இந்த வாய்பாடுகளைத்தான் தினமும் ஒப்பித்தார்கள். இந்த ஏற்பாட்டில் மூன்றில் ஒன்றுக்கு மட்டும் நேரான இடம் இல்லை; 320 மூன்றால் வகுபடாது. அந்த வேலைக்குக் கலம் இருந்தது.

காசி போனவரும் சுங்கம் கட்டியவரும்

இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டில் எழுதிய லீலாவதியில் ஒரு யாத்ரீகர் வருகிறார். கையிருப்பில் பாதியைப் பிரயாகையில் கொடுக்கிறார். மீதியில் ஒன்பதில் இரண்டு பங்கு காசியில். அதில் மீதியின் கால் பங்கு வழிச்சுங்கத்துக்கு. பிறகு உள்ளதில் பத்தில் ஆறு பங்கு கயையில். வீடு திரும்பும்போது கையில் 63 நிஷ்கம். புறப்படும்போது எவ்வளவு?

நிற்பவை: 1/2, 7/9, 3/4, 4/10. பெருக்கினால் 7/60. 63 என்பது அறுபதில் ஏழு பங்கு, ஒரு பங்கு 9, மொத்தம் 540. பாஸ்கரர் மொத்தத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டு இதே 7/60-க்குத்தான் வருகிறார். சரிபார்க்கும்போது 540, 270, 210 என்று ஒழுங்காக வந்து, சுங்கத்தில் ஐம்பத்திரண்டரை என்று உதைக்கும். உடனே விடை தப்பு என்று அடித்துவிடாதீர்கள். லீலாவதியின் காசுக் கணக்கில் ஒரு நிஷ்கம் 16 திரம்மம். அரை நிஷ்கம் என்பது 8 திரம்மம். மேலே சொன்ன காவல் பணத்துக்குச் செல்லாது என்றது இதற்காகத்தான்.

இன்னொரு பழைய கணக்கு வேறு மாதிரி வலை விரிக்கிறது. பெஷாவர் அருகே பக்சாலி என்ற ஊரில் 1881-இல் மண்ணிலிருந்து கிடைத்த மரப்பட்டைச் சுவடி இப்போது ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு வணிகர் மூன்று இடங்களில் சுங்கம் கட்டுகிறார்: முதலில் சரக்கில் மூன்றில் ஒன்று, அடுத்து மீதியில் நாலில் ஒன்று, அதற்கடுத்து மீதியில் ஐந்தில் ஒன்று. மொத்தம் 24 சுங்கமாகப் போயிற்று. சரக்கு எவ்வளவு?

அவசரக்காரர்கள் 2/3 × 3/4 × 4/5 என்று பெருக்கி, நடுவில் மூன்றும் நாலும் அடிபட்டு 2/5 வந்ததும் மகிழ்ந்துபோய், 24-ஐ 2/5-ஆல் வகுத்து 60 என்று எழுதுவார்கள். 24 என்பது போனது. 2/5 என்பது நின்றது. போனது 3/5. மொத்தம் 40. கணக்கின் கடைசி வரியில் கொடுத்திருக்கும் எண் மீதியா, செலவா என்று விரலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தேர்வில் 60-உம் ஒரு விடையாக நிச்சயம் அங்கே காத்திருக்கும்.

யார் முதலில் அள்ளுகிறார்

பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது. 3/4 × 2/3-உம் 2/3 × 3/4-உம் ஒன்றே. ஆகவே யார் முதலில் எடுத்தால் என்ன என்று தோன்றும். கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் இல்லைதான். எடுப்பவர்களுக்கு நிறைய இருக்கிறது. முதல் கணக்கின் 60 மூட்டையில் கடன்காரர் முதலில் கால் பங்கு எடுத்தால் 15. வீட்டுக்கு மீதியில் மூன்றில் ஒன்று, அதுவும் 15. முதலில் வீட்டுக்கு மூன்றில் ஒன்று ஒதுக்கிவிட்டு, மீதியில் கால் பங்கைக் கடன்காரருக்குக் கொடுத்தால் வீட்டுக்கு 20, அவருக்கு 10. கொள்முதல் நிலையம் போவது இரண்டு விதத்திலும் 30 மூட்டைதான்.

களத்துமேட்டில் இது பாடப்புத்தகச் சங்கதி அல்ல. விளைச்சல் 96 கலம், அறுப்புக்கூலி எட்டில் ஒரு பங்கு, வாரம் பாதிக்குப் பாதி என்று வையுங்கள். கூலி 12 கலம் போக மீதி 84-ஐப் பிரித்தால் நிலக்காரருக்கு 42, உழுதவருக்கு 42. குவியலை முதலில் பாதியாகப் பிரித்து, கூலியை உழுதவர் தன் பங்கிலிருந்து கொடுக்கட்டும் என்றால் நிலக்காரருக்கு 48, உழுதவருக்கு 36. பின்னம் ஒன்றுகூட மாறவில்லை, ஆறு கலம் கை மாறிவிட்டது. ‘பாதி வாரம்’ என்று வாயால் பேசிவிட்டு எதில் பாதி என்று பேசாமல் விட்டால், சண்டை அறுவடை வரை பொறுத்திருக்கும்.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையில் ஊர் ஊராக எடுத்த கணக்கெடுப்பில் இந்த வரிசை கவனமாகப் பதிவாகியிருக்கிறது. ஊர்வேலை செய்பவர்களுக்கான மேரையும் பிற பங்குகளும் குவியலிலிருந்து முதலில் போகும். அதற்குப் பிறகு நிற்பதுதான் மேல்வாரம், குடிவாரம் என்று பிரியும். நம் காலத்துச் சட்டமும் ‘எதில்?’ என்பதற்குப் பதில் எழுதாமல் விடவில்லை. 1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் குத்தகைதாரர் கொடுக்க வேண்டியதை இப்போது 25 சதவீதம் என்கிறது. அது இயல்பான மொத்த விளைச்சலில் 25 சதவீதம். கூலி போக மீதியில் என்று அங்கே இல்லை.

இதே உண்மையை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு வேலியை நான்கு பேர் பாகம் பிரிக்கிறார்கள். முதலாமவருக்கு நாலில் ஒன்று, இரண்டாமவருக்கு மீதியில் மூன்றில் ஒன்று, மூன்றாமவருக்கு அதன் மீதியில் பாதி, கடைசி ஆளுக்கு நிற்பதெல்லாம். கேட்டவுடன் கடைசித் தம்பியை ஏமாற்றுவது போல இருக்கும். போட்டுப் பாருங்கள்: 20 மாவில் 5, மீதி 15-இல் 5, மீதி 10-இல் 5, நிற்பது 5. பின்னம் வளர்ந்துகொண்டே போகிறது, மீதி சுருங்கிக்கொண்டே போகிறது, ஆளுக்கு ஐந்து மா. 1/4 பெரிதா, மீதியில் 1/3 பெரிதா என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு இந்தக் கணக்கைக் கொடுங்கள். வகுப்பு நன்றாகச் சூடுபிடிக்கும்.

‘மேலும் இரண்டு’ வந்தால்

இதுவரை சொன்ன பெருக்கல் வித்தை ஓரிடத்தில் படுத்துவிடும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழாவில் ஒருவர் மெழுகுவர்த்தி விற்கிறார். காலையில் பாதியும் மேலும் இரண்டும் விற்கின்றன. மதியம், மீதியில் பாதியும் மேலும் இரண்டும். மாலையில் மறுபடி, மீதியில் பாதியும் மேலும் இரண்டும். கடைசியில் கையில் 10. கொண்டுவந்தது எத்தனை?

1/2 × 1/2 × 1/2 என்று பெருக்கி 80 என்று எழுதினால் தவறு. அந்த ‘மேலும் இரண்டு’ எங்கும் சேரவில்லை. இங்கே ஒரு வேளைக்கு ஒரு அடியாகப் பின்னால்தான் நடக்க வேண்டும். மாலையில் கடைசியாக விற்ற இரண்டை முதலில் திரும்ப வாங்கு: 12. அது பாதி, இரட்டிப்பாக்கு: 24. மதியம்: 26, இரட்டித்தால் 52. காலை: 54, இரட்டித்தால் 108. முன்னோக்கிச் சரிபார்த்தால் 108-இல் 56 விற்று 52. 28 விற்று 24. 14 விற்று 10. வரிசையைக் கவனியுங்கள். விற்கும்போது பாதி முதலில், இரண்டு பிறகு. திரும்பும்போது இரண்டு முதலில், இரட்டிப்பு பிறகு. சட்டை போடும்போது கடைசியாகப் போட்ட பொத்தானைத்தான் கழற்றும்போது முதலில் அவிழ்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகளும் பிடித்துக்கொள்கிறார்கள்.

1202-இல் இத்தாலியில் லியோனார்டோ ஃபிபோனாச்சி எழுதிய லிபர் அபாச்சியில் ஏழு வாசல் கொண்ட தோட்டத்துக் கணக்கு ஒன்று உண்டு. பழம் பறித்தவர் ஒவ்வொரு வாசலிலும் உள்ளதில் பாதியும் மேலும் ஒன்றும் கொடுத்துவிட்டு, வெளியே வரும்போது கையில் ஒரே ஒரு பழம். ஒன்று கூட்டி இரட்டித்துக்கொண்டே போனால் 4, 10, 22, 46, 94, 190, 382. ஏழு அடி, 382 பழம்.

குறுக்கு வழி வேண்டும் என்று அடம்பிடிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டும் இதைச் சொல்லுங்கள், மற்றவர்களைக் குழப்ப வேண்டாம். மெழுகுவர்த்திக்காரருக்கு நான்கு கற்பனை மெழுகுவர்த்திகளைக் கடன் கொடு. 108-உம் 4-உம் 112. பாதி 56, பாதி 28, பாதி 14. கடைசியில் நம் நான்கைத் திரும்ப வாங்கினால் 10. கடன் வந்ததும் ‘மேலும் இரண்டு’ மறைந்துபோய், எல்லாம் வெறும் பாதியாகிவிட்டது. ஏன் நான்கு? நான்கில் பாதி போனால் நிற்பது இரண்டு, அதோடு அந்த ‘மேலும் இரண்டு’ சேர்ந்தால் மறுபடி நான்கு. அந்த அளவு கடன் ஒவ்வொரு வேளையும் அப்படியே நான்காகத் தங்கும். ஆகவே திரும்பி வரும்போது (10 + 4) × 8 − 4 என்று ஒரே மூச்சில் 108. ஐந்து மாலுமிகளும் ஒரு குரங்கும் தேங்காய் பங்குபோடும் பெயர்பெற்ற புதிரிலும் இதே கற்பனை நான்குதான் வேலை செய்கிறது. ஒவ்வொருவராக இரவில் எழுந்து குரங்குக்கு ஒன்று வீசி, ஐந்தில் ஒரு பங்கை ஒளித்துவைக்கிறார்கள். காலையிலும் குரங்குக்கு ஒன்று போக மீதி சமமாகப் பிரிகிறது. மிகச் சிறிய விடை 15,621. ஐந்தை ஆறு முறை பெருக்கினால் 15,625. கடன் நான்கைக் கழித்துவிட்டார்கள்.

சதவீதமும் ஏரியும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 கணக்கும் திறனறிவும். அங்கே இதே கணக்கு சதவீதச் சட்டை மாட்டிக்கொண்டு வரும். சம்பளத்தில் 40 சதவீதம் வீட்டுச் செலவு, மீதியில் 25 சதவீதம் பிள்ளைகள் படிப்பு, மிச்சம் 9,000 ரூபாய். 60-உம் 75-உம் நிற்பவை, 0.6 × 0.75 = 0.45, சம்பளம் 20,000. 40-ஐயும் 25-ஐயும் கூட்டி 65 சதவீதம் போயிற்று என்பவர் களத்தில் 25 மூட்டை எழுதிய பிள்ளையின் அண்ணன். புதிதாக ஒன்றும் இல்லை.

ஒரே பின்னம் திரும்பத் திரும்ப வருவது மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது. திருமானூர் ஒன்றியத்தில் இருக்கும் கரைவெட்டி ஏரி 454 ஹெக்டேர், பறவைகள் சரணாலயம், 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரில் நிரம்பிய அந்த ஏரியில் மாதந்தோறும் இருக்கும் நீரில் மூன்றில் ஒன்று குறைகிறது என்று ஒரு கணக்குக் கட்டினால், மூன்று மாதத்தில் நிற்பது 2/3 × 2/3 × 2/3 = 8/27; முழு ஏரியில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மூன்று மாதத்தில் மூன்று மூன்றில் ஒன்று போய் ஏரியே காலி என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த 8/27-ஐக் காட்டுங்கள். இந்தக் கணக்குப்படி ஏரி ஒருநாளும் முழுதாக வற்றாது. எவ்வளவு குறைந்தாலும் அதில் மூன்றில் இரண்டு மிஞ்சும். வைகாசி வெயிலுக்கு இந்தப் பாடம் தெரியாது. உண்மையான ஏரி கணக்கிலுள்ள ஏரியைப் போல நடந்துகொள்வதில்லை என்று பிள்ளை சொன்னால் அதற்கும் ஒரு மதிப்பெண் போடலாம்.

போட்டுப் பாருங்கள்

ஒருவர் தன் மக்காச்சோளத்தில் ஐந்தில் ஒன்றைக் கோழிப்பண்ணைக்கு விற்றார். மீதியில் எட்டில் மூன்று பங்கை வியாபாரியிடம் கொடுத்தார். 2,000 கிலோ நின்றது. மொத்தம் எவ்வளவு?

கரைவெட்டியில் ஒரு காலையில் இருந்த பறவைகளில் ஐந்தில் இரண்டு பங்கு பறந்துவிட்டன. மீதியில் நாலில் ஒன்று அடுத்து எழுந்தது. எண்ணியபோது 180 இருந்தன. முதலில் எத்தனை?

திருமழபாடி நந்தி கல்யாணத்துக்கு வந்த வியாபாரி தேங்காயில் பாதியும் மேலும் மூன்றும் விற்றார். பிறகு மீதியில் மூன்றில் ஒன்றும் மேலும் இரண்டும். 16 நின்றது. கொண்டுவந்தது எத்தனை?

ஒரு மாணவி புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் நாள் படித்தாள். மீதியில் நாலில் ஒரு பங்கை மறுநாள். முதல் நாள் படித்தது மறுநாளைவிட 30 பக்கம் அதிகம். புத்தகம் எத்தனை பக்கம்?

விடைகள்: 4,000 கிலோ, 400 பறவைகள், 60 தேங்காய்கள், 180 பக்கங்கள். மூன்றாவதில் 18-ஐ இரட்டிக்கக் கூடாது; மூன்றில் ஒன்று போனால் நிற்பது மூன்றில் இரண்டு, ஆகவே 18 என்பது 27-இன் மீதி. நாலாவதில் 360 வந்திருந்தால், 1/3-இலிருந்து 1/4-ஐக் கழித்திருக்கிறீர்கள். அந்த 1/4 முழுப் புத்தகத்தில் அல்ல, மிஞ்சிய 2/3-இல். அதாவது புத்தகத்தில் 1/6. வித்தியாசம் 1/3 − 1/6 = 1/6, அதுதான் 30 பக்கம்.